அமுங்கினால் அழுகல்

போன வாரம் நம்மில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். யாரென்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொள்வீர்கள், அவள் பிறகு என்னோடு பேச மாட்டாள். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டது, முழங்கால் வலி, மருமகள் வைக்கிற ரசம் என்று அரைமணி நேரம் பேசினாள். போனை வைக்கப் போகும்போது, "மார்ல ஒரு கட்டி இருக்குடி. கல்லு மாதிரி கெடக்கு. ஆனா வலியே இல்ல, அதான் விட்டுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைக்கத் தோன்றாமல் நின்றேன்.  நாலாம் வகுப்பு படிக்கும்போது வந்த அதே பயம். இத்தனை வருஷத்தில் அது எங்கேயும் போகவில்லை, உள்ளேயே குத்த வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறது.

அதனால்தான் போனில் நம் குழுவுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் கவுஞ்சிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே சாக்கை விரித்து உட்கார்ந்தவர்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். "அந்த வீட்டுப் பக்கம் போகாத" என்று உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். நீங்களும் வரவில்லை. அதற்காக இப்போது கோபம் இல்லை. அப்போது நிறைய இருந்தது.

மாசி மாதம். நம் ஊரில் மாசி என்றால் பூண்டுதான், வேறென்ன. பிடுங்கி, மண்ணை உதறி, வெயில் காட்டி, தாளோடு பிடி பிடியாக முடிந்து, அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் தொங்கவிட வேண்டும். புகை பட்டால்தான் அடுத்த விதைப்பு வரைக்கும் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நமக்கெல்லாம் ஒரே சோலிதான்: தொங்கவிடுவதற்கு முன் ஒவ்வொரு பூண்டையும் பெருவிரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் விதைக்கு. லேசாக அமுங்கினாலும் உள்ளே அழுகல். அதைத் தனியாக ஒதுக்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பூண்டையும் கெடுத்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே இது நம் விரலுக்குத் தெரியும். அந்த நாற்றமும் தெரியும். தலைமுடி, பாவாடை, கணக்கு நோட்டு எல்லாவற்றிலும் பூண்டும் புகையும் கலந்து அடிக்கும். கொடைக்கானலில் இருந்து வந்த இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?

என் அம்மாவின் பெருவிரலைப் பற்றி உங்கள் அம்மாக்கள் சொல்லியிருப்பார்கள். ஊரில் யார் விதைப்பூண்டு பொறுக்கினாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் பூண்டைக் கண்ணால் பார்க்கவே மாட்டாள். யாரோடாவது வாயடித்துக்கொண்டே கையை மட்டும் ஓட்டுவாள். அவள் ஒதுக்கியதை உடைத்தால் உள்ளே கறுத்திருக்கும், அவள் எடுத்ததை உடைத்தால் பால் மாதிரி வெளுத்திருக்கும். எனக்கும் பழக்கிவிட்டிருந்தாள். நான் அமுக்கியதை அவள் திரும்ப அமுக்கிப் பார்ப்பதை நிறுத்தியிருந்த வருஷம் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களோடு அத்தை இருந்தாள். அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல், தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த நாளில் இருந்து வீட்டில் பாதி வேலை அவள் கையில், முக்கால்வாசிப் பேச்சு அவள் வாயில். அப்பாவை, நரைத்த மீசையோடு நிற்கிறவரை, "ஏலே" என்றுதான் கூப்பிடுவாள். நான் அவள் போர்வைக்குள்தான் தூங்குவேன். உறைபனி விழுகிற நாட்களில் என் இரண்டு கால்களையும் தன் வயிற்றோடு வைத்து அணைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் காலையில் பூண்டுக் கூடையைத் தூக்கப் போனவள் "ஆத்தா" என்று மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கட்டி ஒன்று கொஞ்ச நாளாகவே இருந்திருக்கிறது. அன்றைக்குப் பெரிதாகி வலி தாங்க முடியவில்லை. அம்மா அவளைக் கதவுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். நான் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பெருவிரல் அந்தக் கட்டி மேல் பதிந்தது. பதிந்த உடனே சுட்ட மாதிரி கையை எடுத்துவிட்டாள். அம்மாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மத்தியானம் அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "அமுங்குது."

அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

அதற்கு முந்தின வருஷம்தான் கீழத்தெருவில் ஒருவர் தொண்டையில் கட்டி வந்து செத்துப்போயிருந்தார். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவர் படுத்த பாய், போர்வை, குடித்த செம்பு எல்லாவற்றையும் ஊர் எல்லையில் போட்டுக் கொளுத்தினார்கள். செம்பு எரியாமல் கிடந்தது. அதை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அந்த நோயின் பெயரைக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். 'அந்தச் சீக்கு' என்பார்கள், சொல்லிவிட்டு எச்சில் துப்புவார்கள். பெயரைச் சொன்னால் காதில் விழுந்து தேடி வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது இப்போது தெரிகிறது.

சாயங்காலத்துக்குள் அத்தையின் பாயும் போர்வையும் பின்னால் இருந்த தகரச் சாய்ப்புக்குப் போய்விட்டன. ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா சொன்னாள். அழுகல் பூண்டைத் தள்ளி வைக்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? தனித் தம்ளர், தனித் தட்டு. வீட்டில் தனியாகக் கொடுக்கிற மாதிரி ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. அது என்னுடையது. கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில் அப்பா வாங்கிக் கொடுத்த எனாமல் தட்டு. வெள்ளைத் தட்டு, சுற்றி நீலக் கரை, ஒரு இடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக ஒரு திட்டு. அந்தத் திட்டை மறைக்கிற மாதிரிதான் எப்போதும் சோற்றைக் குவிப்பேன். அம்மா கேட்காமலே எடுத்துக்கொண்டுபோய் அத்தை முன்னால் வைத்தாள். வைத்தாள் என்ன, தரையில் வைத்து விரலால் நகர்த்தினாள்.

அத்தை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  தூரத்தில் நின்ற என்னைப் பார்த்து, "ஓன் தட்டுதானத்தா? கழுவித் தாரேன்" என்றாள். நான் ஓடிவிட்டேன்.

ராத்திரியெல்லாம் என் மாரை நானே அமுக்கிப் பார்ப்பேன். அவள் போர்வைக்குள் இத்தனை வருஷம் படுத்திருக்கிறேனே, எனக்கும் வந்திருக்கும் என்று பயம். வயிறு, கழுத்து, காதுக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் அமுக்குவேன். உடம்பு முழுக்க அமுங்கத்தானே செய்யும். எங்கே அமுக்கினாலும் அழுகல் என்று தோன்றி வாயைப் பொத்திக்கொண்டு அழுவேன்.

அம்மாவுக்கும் அந்தப் பயம் வந்திருக்கிறது. இல்லாவிட்டால் தன் மாரில் தேடியிருக்க மாட்டாள். ஒரு நாள் வெந்நீர் போட்டுக் குளிக்கும்போது முதுகு தேய்க்க என்னைக் கூப்பிட்டாள். தேய்த்து முடித்ததும் என் கையைப் பிடித்துத் தன் வலது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க அமுக்குத்தா. பூண்ட அமுக்குற மாதிரி அமுக்கு."

அமுக்கினேன். தோலுக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ இருந்தது.

"எப்பிடி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கும்மா."

"அமுங்குதா?"

"இல்ல."

"நழுவுதா?"

"இல்ல. ஒட்டிக்கிட்டு இருக்கு."

அம்மா நீளமாக மூச்சு விட்டாள். "எனக்கு வலிக்கவும் இல்ல. நல்ல விதப்பூண்டு" என்று சொல்லிச் சிரித்தாள். என் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். "அப்பாட்டச் சொல்லாத, அவரு ஒண்ணுக்குப் பத்தாப் பதறுவாரு. பாவம் ஒங்கத்தைக்குத்தான்..." என்று அதற்கு மேல் பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டாள். அம்மா என் விரலை நம்பிக் கேட்டாள் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பயமில்லாமல் தூங்கினேன்.

அத்தைக்கு வலி ஏறிக்கொண்டே போனது. பூண்டு எடுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த அப்பா, அவள் முனகலைக் கேட்க முடியாமல் கடைசியில் கொடைக்கானலில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றார். அம்மா வர முடியாது, காயப்போட்ட பூண்டெல்லாம் வெளியே கிடந்தது. பொம்பளை டாக்டர் பார்க்கிற அறைக்குள் ஆம்பளையை விட மாட்டார்கள். துணைக்கு நான்தான் போக வேண்டும். அம்மா என்னைத் தனியாக இழுத்துச் சொன்னாள்: "வெள்ளனே பஸ்ஸு. அப்பா பக்கத்துல ஒக்காந்துக்க. அத்தையத் தொடாத. அவ கையால எது குடுத்தாலும் தின்னாத."

பஸ்ஸில் அத்தை தனியாக ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். நாங்கள் இந்தப் பக்கம். மன்னவனூர் தாண்டி மூடுபனி ஏறியது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் குளிரில் நீலம் பாய்ந்திருந்தன. அந்தக் கைதான் என் கால்களைச் சூடு பண்ணின கை என்று தெரியும். தெரிந்தும் பயந்து அப்பாவோடு ஒட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துப் பேச்சுக்காரர். கட்டையான உருவம், கறாரான குரல். அத்தையைப் படுக்கச் சொன்னார். ஊசியைப் பார்த்ததும் அத்தை கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சொன்னது காதில் கேட்டது. உதறத் தெம்பில்லை. உள்ளங்கை வழியாக ஏதோ எனக்குள் ஏறுகிற மாதிரி இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"பாருங்க, முடிஞ்சு போச்சு" என்றார் டாக்டர்.

ஊசிக்குழலுக்குள் வெளிறிய மஞ்சளில் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். "இப்ப தொட்டுப் பாருங்க."

அத்தை தொட்டாள். தடவினாள். மறுபடி தடவினாள். "எங்க டாக்டரம்மா அது? இல்லையே."

"வெறும் தண்ணிதான் உள்ள. நீர்க்கட்டி. நாங்க சிஸ்ட்டுன்னு சொல்லுவோம்."

"அப்ப... அது இல்லையா?"

"எது?"

 அத்தை என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"கேன்சர்னு வாயத் திறந்து சொல்லுங்க. சொன்னா ஒண்ணும் வந்து ஒட்டாது. ஒட்டுற நோயும் இல்ல அது" என்றார் டாக்டர். "கட்டி எல்லாம் கேன்சர் இல்லம்மா. இருந்த இடத்துல இருந்துக்கிட்டு வேற எங்கயும் போகாத கட்டிய பினைன்னு சொல்லுவோம். அது சாதாக் கட்டி. பக்கத்துச் சதைக்குள்ள பூந்து, மத்த இடத்துக்கும் போறது மாலிக்னன்ட். அதுதான் கேன்சர். உங்களுக்கு அது இல்ல."

அத்தை விக்கி விக்கி அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே அவளுக்கு வாய் வந்துவிட்டது. "அமுங்குச்சே டாக்டரம்மா. எந்தம்பி பொண்டாட்டி கை வச்சுப் பாத்துட்டு அமுங்குதுன்னா. அமுங்குனா அழுகல்தான? கல்லு மாதிரி இருந்தாத்தான நல்லது?" என்று கேட்டு, பூண்டு பொறுக்குகிற கதை முழுவதையும் சொன்னாள்.

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "தலைகீழா வச்சிருக்கீங்களே அம்மா. மெத்துனு இருந்து, விரலுக்கு நழுவி, வலிக்கிறது பெரும்பாலும் சும்மா கட்டியாத்தான் இருக்கும். கல்லு மாதிரி, ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு, வலியே இல்லாம இருக்கிறதப் பாத்தாத்தான் எங்களுக்குப் பயம். எதுவானாலும் உங்க விரல நம்பாதீங்க. வந்து காட்டுங்க."

அத்தை என் கையை விட்டிருந்தாள். நானாக அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். கல்லு மாதிரி. ஒட்டிக்கிட்டு. வலியே இல்லாம. மூன்றையும் நான்தான் என் வாயால் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். முந்தானை நுனியை வாயில் வைத்துக் கடித்தேன். நர்ஸ், பிள்ளைக்குப் பசி போலிருக்கிறது என்று சொல்லி ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

அப்பாவின் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பன் வாங்கினார், எனக்கு ரிப்பன் வாங்கினார், முன்பின் தெரியாத ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் இந்தத் தடவை மூன்று பேரும் ஒரே சீட்டில். நான் பூம்பாறை வளைவில் வாந்தி எடுத்தேன். மலைப் பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி முதுகைத் தடவினார்கள். அத்தை என்னைத் தன் மடியில் போட்டு வாயைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் சொன்னேன்.

"அத்தை, அம்மாவுக்கு அப்படித்தான் இருக்கு. கல்லு மாதிரி. நாந்தான் அமுக்கிப் பாத்தேன்."

அத்தையின் கை நின்றது. "எங்க?" என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். ஊர் வரும் வரைக்கும் என்னை மடியில் இருந்து இறக்கவில்லை. அப்பாதான், "வலியே இல்லன்னா அது என்ன வியாதிக்கா? சின்னப் பிள்ள பேச்சப் போயி..." என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல அவர் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

வீட்டு வாசலில் அம்மா பூண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அத்தைக்கு ஒன்றுமில்லை என்று கேட்டதும் எழுந்து ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்க மதினி. பாய எடுத்து உள்ள போடுறேன். ஏதோ பயத்துல செஞ்சுபுட்டேன்."

"அது கெடக்கட்டும்" என்றாள் அத்தை. "நீ என்னைய அமுக்கிப் பாத்தேல்ல. இப்ப நான் ஒன்னைய அமுக்கிப் பாக்கணும். கதவுக்குப் பின்னால வா."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் அத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். டாக்டர் சொன்னதை அத்தை ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா கேட்டாள், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, இரண்டு கூடை தூக்குகிறேன், எனக்கு என்ன வந்தது என்றாள். பூண்டு முழுக்க வெளியே கிடக்கிறது, பனி விழுந்தால் போச்சு, எல்லாவற்றையும் தொங்கவிட்டுவிட்டு ஒரு நாள் வருகிறேன் என்றாள். கடைசியில் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"எவ்வளவு காலமா இந்த வெரலு அமுக்குது மதினி? ஒரு நாளாச்சும் பொய் சொல்லியிருக்கா? நான் எடுத்து வச்சதுல ஒண்ண ஒடச்சுப் பாருங்க."

அத்தை விதைக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்து உடைத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் வெள்ளை. அடுத்தது, அதற்கு அடுத்தது. விதைக்கு வைத்த பூண்டை அப்படி உடைத்தால் அம்மா யார் கையையும் ஒடித்திருப்பாள். அன்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு அழுகலாவது கிடைக்காதா என்று நான் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. ஒன்று விடாமல் எல்லாமே நல்ல பூண்டு.

"பாத்தீங்கல்ல" என்றாள் அம்மா.

அத்தை கையில் இருந்த பற்களைக் கீழே போட்டாள். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "பூண்டுக்குச் சரிதாண்டி. நீ என்ன பூண்டா?"

 அம்மா வெயில் காய்ந்த பூண்டு மேலேயே மெதுவாக உட்கார்ந்தாள். கை தன்னால் வலது மார்பின் ஓரத்துக்குப் போனது.  அன்று சாயங்காலம் பூண்டு அப்படியே வெளியில் கிடந்தது, ராத்திரி பனி விழுந்தது, பாதி வீணாய்ப் போனது. மறுநாள் காலை பஸ்ஸில் அத்தை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன், விட்டுவிட்டுப் போக முடியாதபடி அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. மார்பைப் பார்த்தார், அக்குளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அங்கே நெறி கட்டியிருந்தது. கட்டியில் இருந்து சதை கொஞ்சம் எடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பெயர் பயாப்சி, அதைப் பார்த்தால்தான் எந்தக் கட்டி என்று உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். "கத்தி பட்டா பரவிரும்னு சொல்றாங்களே" என்று அம்மா கேட்டாள். "பரவாது. பாக்காம விட்டாத்தான் பரவும்" என்றார் டாக்டர். சதையை எடுத்து, கட்டுப் போட்டு அனுப்பினார்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். அம்மா நேராகப் பின்பக்கம் போனாள். அத்தை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த என் எனாமல் தட்டை எடுத்துக்கொண்டாள். அதில் தானே சோறு போட்டுக்கொண்டு தகரச் சாய்ப்பில் போய் உட்கார்ந்தாள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஒட்டாதுன்னு டாக்டரு சொன்னாரே" என்றார். அம்மா நிமிரவில்லை. "நான் மதினிய இங்கதான ஒக்கார வச்சேன்" என்றாள்.

சாய்ப்பில் நல்ல இருட்டு. அம்மா சோற்றைப் பிசைகிறாள், பிசைகிறாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.  அம்மா பயப்படுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு அழக்கூட வரவில்லை.

அத்தை போனாள். சாய்ப்பில் குனிந்து நுழைந்து அம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தத் தட்டில் கையை விட்டு ஒரு உருண்டை எடுத்து அவளே தின்றாள். அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அத்தை தன் பக்கம் இழுத்தாள். இரண்டு பேரும் மாறி மாறித் தட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அத்தை அடுத்த உருண்டையை அம்மா வாயில் வைத்தாள். அம்மா வாயில் சோற்றை வைத்துக்கொண்டே ஓவென்று அழுதாள்.

"ஏ கழுத, அங்க என்ன பாக்குற? ஓன் தட்டுதான?" என்றாள் அத்தை. நான் போய் உட்கார்ந்து கையை விட்டேன். கறுப்புத் திட்டு தெரிந்தது. அந்தத் தட்டு பிறகு எப்போது தொலைந்தது, யார் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டார்கள் என்று தெரியவில்லை. இருந்திருந்தால் இன்று அதில்தான் சாப்பிடுவேன்.

மதுரையில் இருந்து வந்த பதில் மாலிக்னன்ட் என்றது. இரண்டாவது ஸ்டேஜ் என்றார் டாக்டர். ஸ்டேஜ் என்றால் அது எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்கிற கணக்கு, அக்குள் நெறி வரைக்கும் வந்திருக்கிறது, ஈரலுக்கோ எலும்புக்கோ போகவில்லை என்றார். அப்படித் தாவிப் போவதற்கு மெட்டாஸ்டாசிஸ் என்று பெயர் இருப்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் வலது மார்பை எடுத்தார்கள். கரண்டு வைத்தார்கள், நம் ஊரில் ரேடியேஷனுக்கு அதுதானே பெயர். தோல் கருகி, வலது கை வீங்கி அம்மா திரும்பி வந்தாள். எல்லாக் கட்டத்திலும் பயந்தோம்.  ஆனால் அம்மா இருந்தாள். என் கல்யாணத்துக்கு இருந்தாள், என் பிள்ளைகளைக் குளிப்பாட்ட இருந்தாள், என் முடி நரைப்பதைப் பார்த்துக் கேலி செய்ய இருந்தாள். கிழவியாகி, ஏதோ காய்ச்சலில்தான் போனாள். பூண்டு மட்டும் பிறகு இடது கையால்தான் பொறுக்கினாள். அந்த விரல் கடைசி வரைக்கும் பூண்டில் பொய் சொல்லவில்லை.

எல்லோருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. அதெல்லாம் டாக்டர்கள் சொல்ல வேண்டியது. வலிக்கிற கட்டியோ வலிக்காத கட்டியோ, மெத்தென்றதோ கல்லோ, விரலை வைத்து நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். இன்று நம் பிள்ளைகள் போனைத் தட்டினால் எல்லா வார்த்தையும் வந்து விழுகிறது. வார்த்தை தெரிந்தால் மட்டும் பயம் போய்விடாது. எனக்கும் போகவில்லை. பயத்தோடேயே போய்க் காட்ட வேண்டியதுதான்.

இப்போது அந்த ஒருத்திக்கு. இதைப் படிக்கும்போது அந்த ஒருத்தி நீதான் என்று உனக்குத் தெரிந்திருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வாய். வலி இல்லை என்று மறுபடி சொல்வாய். உன்னோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. நாளைக்கு முதல் பஸ்ஸில் உன் வீட்டுக்கு வருகிறேன். குளித்து, சேலை மாற்றி, வெரசா கிளம்பி இரு. கல் மாதிரி இருக்கிறதாம், வலியே இல்லையாம், அதனால் விட்டுவிட்டாளாம். நீ என்னடி, பூண்டா?